போன் இரவில் எங்கே படுக்கிறது? வளரும் பிள்ளைகள் உள்ள திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன வருடம் ஒரு பின்னேரம், வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள் எடுக்கிற நேரம், ஒரு அம்மா வந்தார். மார்க்கெட் பைக்குள் கையை விட்டு, லேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். "இதை நீங்களே வச்சிருங்கோ டீச்சர். ஓ.எல். பரீட்சை முடியுமட்டும் குடுக்க வேண்டாம்." அவிழ்த்துப் பார்த்தால் மகளின் போன். திரையில் ஒரு கீறல், கவருக்குள் சினேகிதிகளோடு எடுத்த ஒரு சின்னப் படம். நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே லேஞ்சிக்குள் இரண்டு தரம் அதிர்ந்தது.

நான் வாங்கி வைத்தேன். அது என் பிழை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை யாரோ ஒருத்தியின் பழைய போனில் புதுக் கணக்கு ஒன்று திறந்திருந்தாள். தாயும் மகளும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டிருந்தார்கள். முன்பு தாய்க்குத் தெரிந்த கணக்கில் இருந்தவள், இப்போது தெரியாத கணக்கில் இருந்தாள். அவ்வளவுதான் மிச்சம். ஒரு கிழமைக்குள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் தாயோடு முதலிலிருந்து தொடங்கினேன்.

நான் வைத்தியர் இல்லை. உவர்மலையில் பின்னேர வகுப்பு நடத்துகிறவள். என் வீட்டிலும் 15 வயதில் ஒருத்தன் இருக்கிறான். அந்தத் தாயோடும் பிறகு வேறு சில வீடுகளோடும் செய்து பார்த்ததையும், வாசித்துத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். பெரும்பாலான வீடுகளில் கடைசியாகச் செய்ய வேண்டியதை, அதாவது பறிப்பதை, முதலில் செய்துவிடுகிறார்கள்.

படி 1: பயத்தை அளந்து பாருங்கள்

போன் பிள்ளையின் மூளையைத் தின்கிறது என்று வட்ஸ்அப்பிலேயே வீடியோ வருகிறது. அதைப் பரப்புகிறவர்களும் நாங்கள்தான். உண்மையில் ஆய்வுகள் சொல்வது இதைவிடச் சிக்கலானது.

2023 இல் அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை வைத்தியராக, இருந்த விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற அறிகுறிகள் வரும் அபாயம் இரு மடங்கு என்று அதில் இருந்தது. அதற்கு 4 வருடம் முன்பு, 2019 இல், ஏமி ஓர்பென், அண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளவயதினரின் தரவுகளைப் போட்டு அலசினார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மனநலம் வேறுபடுவதில் டிஜிட்டல் பாவனையோடு தொடர்புபடுத்தக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று முடிவு வந்தது. அதே தரவில், கண்ணாடி போடுவது அதைவிடக் கூடுதலாகப் பாதிப்பதுபோலத் தெரிந்தது!

இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும்? நிலாவெளிக் கரையின் முழங்கால் தண்ணீரையும் எங்கள் துறைமுகத்தின் ஆழத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஓர் இலக்கம் வரும். அதை வைத்துப் பிள்ளையைக் கடலில் இறக்க முடியாது. கன பிள்ளைகளுக்குப் போன் முழங்கால் தண்ணீர். சிலருக்குத் தாழ்கிற ஆழம். உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எது முந்தியது என்ற கேள்வி. மனம் சோர்ந்த பிள்ளை போனுக்குள் போய் ஒளிந்துகொள்வதும் உண்டு. வீட்டில் சண்டை, பாடசாலையில் கேலி, தகப்பன் குடி என்று வேறு ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். போனைப் பறித்தால் ஒளிய இருந்த இடமும் போகும், காரணம் அப்படியே இருக்கும்.

படி 2: ஒரு கிழமை ஒன்றும் சொல்லாமல் பாருங்கள்

இதுதான் பெற்றோருக்குக் கஷ்டமான படி. ஒரு கிழமைக்கு ஏச்சு இல்லை, புத்திமதி இல்லை. ஒரு பழைய கொப்பியை எடுத்து எழுதுங்கள்.

மணித்தியாலத்தை எண்ணுவது இரண்டாம் பட்சம். போன் எதைத் தள்ளிவிட்டது என்று எழுதுங்கள். பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்தது, விடிய எழும்பும்போது முகம் எப்படி இருந்தது, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எத்தனையாவது தரம் வந்தது, முன்பு விளையாடப் போன பிள்ளை இப்போதும் போகிறதா, சினேகிதர் யாராவது வீட்டுக்கு வருகிறார்களா. அப்புறம் ஒன்று, நான் ஆகக் கவனிப்பது: போனைக் கீழே வைத்த அடுத்த 10 நிமிடம். சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்து பார்த்ததைச் சொல்லும். சில பிள்ளைகள் கதவைச் சாத்தும், தம்பி தங்கச்சி மேல் பாயும், அல்லது ஒன்றுமே இல்லாத முகத்தோடு இருக்கும். மூன்று மணித்தியாலம் போன் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிற பிள்ளையைவிட, அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு முகம் செத்து வருகிற பிள்ளைதான் எனக்குக் கவலை.

கிழமை முடிவில் மணிக்கணக்கையும் பாருங்கள், ஆனால் பிள்ளையோடு சேர்ந்து. அன்ட்ரொயிட் போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று இருக்கும். ஐபோனில் ஸ்கிரீன் டைம். எந்த அப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை தரம் போனைத் திறந்தது, எத்தனை நோட்டிபிகேஷன் வந்தது எல்லாம் காட்டும். முதலில் உங்கள் போனைத் திறந்து காட்டுங்கள். நான் காட்டியபோது 4 மணித்தியாலம் 10 நிமிடம் இருந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, புருவத்தை மட்டும் தூக்கினான். அந்தப் புருவத்துக்குப் பிறகு எனக்குப் பெரிதாக உபதேசம் வரவில்லை.

நேரத்தைப் பிரித்தும் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது பாடம் முழுக்க வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் வந்தது. நாங்களே கடன் பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தோம், ரீலோட் போட்டோம். அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இன்று ஓ.எல்., ஏ.எல். பக்கம் நிற்கிறார்கள். இன்றைக்கும் ரியூசன் குறிப்பு குழுவில்தான் வருகிறது. அந்த நேரத்தையும் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிற நேரத்தையும் ஒரே கணக்கில் போட்டுச் சண்டை பிடித்தால், பிள்ளை முதல் வாதத்திலேயே வென்றுவிடும்.

படி 3: நித்திரையைத் திருப்பி எடுங்கள்

ஒரேயொரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மற்றது எல்லாம் பிறகு.

13 முதல் 18 வயது வரையான பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும் என்று நித்திரை மருத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். எங்கள் கணக்கைப் பாருங்கள். பாடசாலை 7.30க்கு. கிண்ணியாப் பாலம் தாண்டி நகரத்துக்கு வரும் பிள்ளை 5.15க்கு எழும்ப வேண்டும். 8 மணித்தியாலம் வேண்டும் என்றால் முந்தின இரவு 9.15க்குக் கண்ணை மூட வேண்டும். ரியூசன் முடிந்து வீடு வர 7 மணி. குளித்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்ய 9.15 போய்விடும். போன் இல்லாவிட்டாலும் நித்திரை ஏற்கெனவே கடனில்தான் இருக்கிறது. ஞாயிறு தூங்கி அடைக்கலாம் என்றால் அன்றைக்கு அறநெறி வகுப்பு, பிறகு இன்னொரு ரியூசன். இந்தக் கடனுக்கு மேல்தான் போன் இன்னும் இரண்டு மணித்தியாலத்தை எடுக்கிறது.

இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பிந்திப் போகும். 10 மணிக்கு நித்திரை வராததைச் சோம்பல் என்றோ கள்ளம் என்றோ எடுக்க வேண்டாம். திரை வெளிச்சம் அதை இன்னும் கொஞ்சம் பிந்தச் செய்யும். வெளிச்சத்தைவிட மோசமானது உள்ளே இருக்கிற விசயம்: யாரோ ஒருவரின் பதிலுக்குக் காத்திருப்பது, சண்டை நடக்கும் குழு, முடிவே இல்லாத வீடியோ வரிசை. முந்தி ஒரு சஞ்சிகையை வாசித்தால் கடைசிப் பக்கம் என்று ஒன்று வரும். 2006 இல் ஏசா ராஸ்கின் என்பவர் முடிவில்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை வடிவமைத்தார். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். கடைசிப் பக்கம் இல்லாத ஒன்றை 15 வயதுப் பிள்ளை தன் பாட்டில் மூடி வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

செய்ய வேண்டியது சின்ன விசயம்தான். இரவில் போன் படுக்கிற இடத்தை மாற்ற வேண்டும். சார்ஜர் படுக்கை அறையில் இருக்கிற வரைக்கும் போனும் அங்கேதான் படுக்கும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லாச் சார்ஜரையும், உங்களுடையது உட்பட, ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் அது குசினி வாசலில் உள்ள பிளக். பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டிருக்கிறோம். 9.30க்கு மூன்று போனும் அதற்குள். முதல் இரவு மகன் சொன்னான், "அலாரம் அதிலதானே இருக்கு." சரியான கேள்வி. அடுத்த நாள் கடைத்தெருவில் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினோம். கிறீங் என்று வீட்டையே எழுப்புகிற சாதி. அந்தச் சாக்கு அன்றோடு போனது.

இப்போது ஒரு சிக்கல், இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உள்ளது. தகப்பன் கட்டாரில். அவர் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, அங்கே 9 மணிக்கு வீடியோ கோல் எடுத்தால் இங்கே 11.30. பிள்ளை போனோடு காத்திருக்கும். காத்திருக்கிற நேரத்தில் டிக்டொக். கிண்ணியாவில் ஓர் உம்மா என்னிடம், "வாப்பா எடுப்பார் எண்டு சொல்றான், என்னத்தச் சொல்லி வாங்குறது?" என்று கேட்டார். வாங்க வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். கட்டார் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே 5 மணிக்கு வேலை முடிந்து பஸ்ஸில் ஏறும்போது இங்கே 7.30. வாப்பா சமைக்கப் போக முன்பே, பஸ்ஸிலிருந்து எடுத்துக் கதைக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, அன்றைக்குப் பின்னேரம் நீளமாகக் கதைத்தார்கள். பஸ் இரைச்சலில் பாதி விளங்காது என்று உம்மா சொன்னார். ஆனால் பையன் 10 மணிக்குப் படுக்கிறான்.

ஒரே அறையில் நாலு பேர் படுக்கிற வீடு, ஒரே போனை மூன்று பேர் பாவிக்கிற வீடு, இவற்றுக்கு இது இன்னும் லேசு. ஒரு போனுக்கு ஓர் இடம் போதும்.

முதல் நாலைந்து இரவு பிள்ளை புரளும், எரிச்சல்படும். இரண்டு கிழமை கொடுங்கள். நான் பார்த்த வரைக்கும், பாதிப் பிள்ளைகளின் சிடுசிடுப்பு இந்தப் படியோடேயே இறங்கிவிடுகிறது. மிச்சப் பாதிக்குத்தான் மிச்சப் படிகள்.

படி 4: பேசாதீர்கள், கதையுங்கள்

எங்கள் ஊரில் "அம்மா பேசினவ" என்றால் ஏசினார் என்று அர்த்தம். கதைப்பது வேறு. போன் விசயத்தில் நாங்கள் பேசுகிறோம், கதைப்பதில்லை.

"ஷெல் விழேக்க லாம்பு வெளிச்சத்தில படிச்சனாங்கள்" என்று தொடங்க வேண்டாம். உண்மைதான். இடப்பெயர்வு, சுனாமி எல்லாம் பார்த்த எங்களுக்கு, போனால் மனம் உடைகிறது என்பது சொகுசுக் கவலையாகத் தெரியும். ஆனால் அந்த வசனத்தைக் கேட்டவுடன் பிள்ளை தன் கவலைக்கு இந்த வீட்டில் விலை இல்லை என்று விளங்கிக்கொள்ளும். பிறகு பெரிய பிரச்சினை வந்தாலும் உங்களிடம் வராது.

பக்கத்தில் போய் இருங்கள். "என்ன பாக்கிறாய் மகள், எனக்கும் ஒருக்காக் காட்டு" என்று கேளுங்கள். காட்டியதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதுதான் முழு வித்தையும். அந்தப் போன் என்ன வகை வீடியோவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது என்று பார்த்தாலே பிள்ளையின் மனம் கொஞ்சம் தெரியும். சமையல், கிரிக்கெட், சினிமாப் பகிடி என்றால் சரி. தோல்வி, தனிமை, சாவு என்று சோக இசையோடு வரிசையாக வந்தால், பிள்ளை அவற்றில் கன நேரம் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஏசாமல், "இதெல்லாம் பாக்கேக்க உனக்கு எப்பிடி இருக்கு?" என்று ஒரு கேள்வி போதும். பதில் அன்றைக்கே வராது. இரண்டு நாள் கழித்து, பைக்கில் பின்னால் இருந்து வரும்போது வரும். முகம் பார்க்காத நேரத்தில்தான் இந்த வயதுப் பிள்ளைகள் வாய் திறக்கும்.

மறைவாகப் போனை எடுத்து மெசேஜ் வாசிக்கலாமா என்று எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள். ஆபத்து என்று உறுதியான சந்தேகம் இருந்தால் ஒழிய, வேண்டாம் என்பதே என் பதில். பிடிபடுவீர்கள். பிடிபட்டால் கதை முடிந்தது.

படி 5: போனுக்குள் செய்ய வேண்டிய வேலை

இது அரை மணித்தியால வேலை. பிள்ளையின் கையாலேயே செய்ய விடுங்கள்.

முதலில் பிறந்த திகதி. பெரும்பாலான தளங்களில் கணக்குத் திறக்க 13 வயது ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகள் 10 வயதிலேயே 1999 இல் பிறந்ததாகப் பொய் சொல்லித் திறந்தவர்கள். அந்தப் பொய் இன்னும் அங்கே இருக்கிறது. டிக்டொக் 2023 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 60 நிமிடம் என்று ஓர் எல்லையைத் தானாகவே வைத்திருக்கிறது. இன்ஸ்டகிராம் 2024 செப்டெம்பரில் பதின்ம வயதினருக்கென்று தனி வகைக் கணக்கைத் தொடங்கியது. அது ஆரம்பத்திலேயே பிரைவேட்டாக இருக்கும், தெரியாதவர்கள் மெசேஜ் போட முடியாது. 1999 இல் பிறந்த பிள்ளைக்கு இவை ஒன்றும் கிடைக்காது. திகதியைத் திருத்துங்கள்.

அடுத்தது நோட்டிபிகேஷன். கோல், நேரடி மெசேஜ் தவிர எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு நாளில் வருவதில் கனக்க மனிதர் அனுப்பியது இல்லை, அப் அனுப்பியது. யூடியூப்பில் ஓட்டோபிளேயை அணையுங்கள். வொட்ச் ஹிஸ்டரியையும் நிறுத்தினால் முகப்பில் வீடியோக்களை அள்ளிக் கொட்டுவது நின்றுவிடும், தேவையானதைத் தேடித்தான் பார்க்க வேண்டிவரும். ஓ.எல். பிள்ளைக்கு இதைவிட உதவியான மாற்றம் எனக்குத் தெரியாது. வட்ஸ்அப்பில் புரொபைல் படத்தைப் பார்க்கக்கூடியவர்களும் குழுவில் சேர்க்கக்கூடியவர்களும் தெரிந்த இலக்கக்காரர் மட்டும் என்று மாற்றுங்கள். அன்ட்ரொயிட் போனில் பெட்டைம் மோட் போட்டால் இரவில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கலாம். நிறம் போனால் ருசியும் பாதி போகும்.

முழுதாகப் பூட்டுகிற பெற்றோர் கட்டுப்பாட்டு அப் சின்னப் பிள்ளைக்குச் சரி. 16 வயதுக்காரனுக்குப் போட்டால், அதை உடைப்பது எப்படி என்று யூடியூப்பில் பார்ப்பான்.

படி 6: ஒப்பிட்டுப் பார்க்கிற நோயை எங்கே வாங்குகிறார்கள் என்று தேடுங்கள்

2021 இல் பிரான்சிஸ் ஹோகன் என்ற முன்னாள் ஊழியர் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறையோடு இருந்த பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொன்னதாக அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்விலேயே இருந்தது. நிறம், முகப்பரு, மெலிவு, பருமன் என்று எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே போதுமான அளவு கிடைக்கிறது. கனடாவிலிருந்து வருகிற மாமி வாசலில் வைத்தே "கறுத்துப் போனாய்" என்பார். பில்டர் அதற்கு மேல் ஒரு பூச்சு.

ஆனால் திருகோணமலையில் ஆகக் கொடுமையான நாள் எது என்று கேட்டால், பரீட்சை முடிவு வருகிற நாள். காலையில் இணையத்தில் முடிவு. மத்தியானத்துக்குள் "9ஏ" என்று பூ வைத்த படங்கள் முகநூல் முழுக்க. பாடசாலை போடும், ரியூசன் போடும், பெரியப்பா போடுவார். 5ஏ எடுத்துச் சந்தோசமாக இருந்திருக்கக்கூடிய பிள்ளை, கட்டிலில் படுத்துக்கொண்டு அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளும். நானும் பல வருடம் அப்படிப் படம் போட்டவள்தான். வகுப்புக்கு ஆள் வரும் என்ற கணக்கு. ஒரு முறை, படத்தில் இல்லாத பிள்ளை ஒருத்தி அதற்கு லைக் போட்டிருந்தாள். அந்த லைக்கைப் பார்த்த பிறகு போடுவதை விட்டேன். முடிவு வருகிற நாளில் பிள்ளையைத் தனியே போனோடு விடாதீர்கள். வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், கன்னியா வரைக்கும் என்றாலும்.

வெளியே என்றதும் ஒரு விசயம். 15 வயதுப் பையனுக்குப் பின்னேரம் மக்கெய்சர் மைதானம் இருக்கிறது, டச் பே கடற்கரை இருக்கிறது, சந்தியில் நின்று கதைக்க இடம் இருக்கிறது. அதே வயதுப் பெண் பிள்ளைக்குப் பெரியபிள்ளையானதோடு அதெல்லாம் மூடிவிடுகிறது. ரியூசன், வீடு, கோயில். எங்கள் நகரத்தில் இருட்டின பிறகும் மான்கள் தெருவில் திரிகின்றன. பெண் பிள்ளைகளுக்கு அந்த மான்களின் சுதந்திரம் கூட இல்லை. அவளுக்குப் போன்தான் சந்தி, போன்தான் கடற்கரை. அதைக் குறைக்கச் சொல்கிற வீடு, பதிலுக்கு எதைத் திறந்துவிடப் போகிறது? கிழமையில் ஒரு பின்னேரம் சினேகிதிகளோடு கோட்டை வாசலால் கோணேஸ்வரம் மட்டும் நடந்து போய் வர விடுகிற வீட்டில், போன் சண்டை பாதியாகக் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

படி 7: கேம்

பையன்கள் பக்கம் பிரி பயர்தான் பெரும்பாடு. இதில் பயம் கொஞ்சம் கூடுதல் என்பது என் எண்ணம். சினேகிதரோடு சேர்ந்து கத்திக் கத்தி விளையாடுவது விளையாட்டுத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், கேமிங் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. நிறுத்த நினைத்தாலும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அது முந்தி நிற்பது, கெடுதல் வந்தும் தொடர்வது, இந்த நிலை வழக்கமாக 12 மாதமளவு நீடிப்பது. லீவு நாளில் 4 மணித்தியாலம் விளையாடுகிறவனுக்கு அந்தப் பேரைச் சூட்ட வேண்டாம். அம்மாவின் கணக்கில் காசு களவு போகத் தொடங்கினால், பாடசாலைக்குப் போகாமல் விட்டால், அப்போது படி 9க்குப் போங்கள். ஒரு சின்ன உபாயம்: ஆட்டத்தின் நடுவில் பறிக்காதீர்கள், "இந்த மெச் முடிய வை" என்று சொல்லுங்கள்.

படி 8: யாராவது படத்தை வைத்து வெருட்டினால்

இது நடக்கிறது. பெண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெண் பெயரில் கணக்குத் திறந்து பையன்களிடம் படம் வாங்கிக் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது ஒரு புரொபைல் படத்திலிருந்தே பொய்யான நிர்வாணப் படம் செய்துவிடலாம். அதனால் "நீ அனுப்பாமல் எப்பிடி வந்தது?" என்ற கேள்விக்கே இடமில்லை.

பிள்ளை வந்து சொன்ன அந்த நிமிடம் உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய முதல் வசனம்: "சொன்னது நல்லம். நான் பாத்துக்கொள்றன்." மானம், மரியாதை, அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும், எல்லாம் பிறகு.

காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். எதையும் அழிக்க வேண்டாம். கணக்கின் பெயர், இலக்கம், மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு புளொக் பண்ணுங்கள், அந்தத் தளத்தில் முறைப்பாடு போடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் படம் என்றால் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை எடுத்து, அதை மட்டும் தளங்களுக்குக் கொடுத்து அகற்ற உதவுவார்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகத்தைக் கேளுங்கள். நேரே பொலிசுக்குப் போகத் தயக்கம் என்றால், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அவரிடமிருந்து தொடங்கலாம்.

படி 9: வீட்டுக்குள் முடியாதபோது

இரண்டு கிழமைக்கு மேல் பிள்ளை அழுகை, எரிச்சல், அல்லது வெறுமையோடு இருந்தால், விருப்பமான எதிலும் மனம் போகாவிட்டால், சாப்பாடும் நித்திரையும் தலைகீழானால், உடம்பில் தானே காயம் செய்த தடம் தெரிந்தால், போன் பிரச்சினை என்று சொல்லி நாளைக் கடத்த வேண்டாம். பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவும் பகலும் எடுக்கலாம்.

அந்த இலக்கம் மனநல வைத்தியசாலை உள்ள அங்கொடையிலிருந்து இயங்குகிறது என்றதும் சிலருக்கு முகம் மாறும். "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று பகிடி விட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பகிடியைப் பிள்ளையும் கேட்டுத்தான் வளர்ந்தது. அதனால்தான் வாய் திறக்கப் பயப்படுகிறது. கோயிலில் நூல் கட்டுங்கள், பள்ளியில் ஓதிப் பாருங்கள், மாதாவுக்கு நேர்த்தி வையுங்கள். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அதே கிழமையில் கிளினிக்குக்கும் போங்கள்.

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லம்" என்ற மாதிரிப் பிள்ளை சொன்னாலோ, ஸ்டேட்டஸில் போட்டாலோ, "சும்மா வெருட்டுறாள்" என்று விடாதீர்கள். "சாக வேணும் போல இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பெரும்பாலும் பிள்ளைக்கு மூச்சு வரும். அந்த இரவு தனியே படுக்க விடாதீர்கள். வீட்டில் உள்ள மருந்து, கிருமிநாசினி, ஆபத்தான சாமான்களை எடுத்துப் பூட்டுங்கள். 1926க்கு எடுங்கள், விடிய வைத்தியசாலைக்குப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் இலவசம்.

படி 10: ஒரு மாதம் கழித்து

அந்தப் பழைய கொப்பியை மறுபடி எடுங்கள். இந்த முறை பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். எந்த விதி வேலை செய்தது, எது முட்டாள்தனம் என்று பிள்ளை சொல்லட்டும். எங்கள் வீட்டில் 9.30 என்பது சனிக்கிழமைக்கு 11 ஆனது. மகன் கேட்டதில் நியாயம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் போன் இல்லை என்ற விதியை நான்தான் மூன்று தரம் மீறியிருந்தேன், அவன் திகதியோடு எழுதி வைத்திருந்தான்.

லேஞ்சிப் போன் பிள்ளை ஓ.எல். எழுதிவிட்டாள். போன கிழமை தாய் வந்திருந்தார். போன் இப்போது எங்கே படுக்கிறது என்று கேட்டேன். சாமி அறைக்கு வெளியே உள்ள தட்டில் என்றார். "அவவின்ர ஒம்பதரைக்கு வந்திடும் டீச்சர். என்ரதான் சில நாளில பிந்துது."